அண்ணி கையில் பேட்டரி

"பேட்டரியைக் கழட்டிக் குடுங்க! எத்தனை தடவை சொல்றது? மண்டையில ஏறாதா உங்களுக்கு?"

அண்ணி போட்ட சத்தத்தில் மரம் வெட்டக் கூப்பிட்டிருந்த வீட்டுக்காரர் மாடியிலிருந்து எட்டிப் பார்த்துச் சிரித்தார். எதிர்வீட்டு ஜன்னல் ஒன்றும் மெல்லத் திறந்தது.

தங்கைக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது.

முப்பது வருஷமாய் மரம் வெட்டுகிற அண்ணன்! காற்றில் எங்கே மரம் சாய்ந்தாலும் முதல் போன் அவருக்குத்தான் வரும். அப்பேர்ப்பட்ட மனுஷன், ரம்பத்தைக் கீழே வைத்து, பேட்டரியைக் கழற்றி, பவ்யமாய் அண்ணியின் கையில் கொடுக்கிறார். அதற்கப்புறம்தான் செயினில் சிக்கிய சிராயை எடுக்கிறார்.

"செயின் தொய்ஞ்சிருக்கு, முறுக்குங்க. ஆயில் இருக்கா பாருங்க. கண்ணாடியை எதுக்கு நெத்தியில மாட்டியிருக்கீங்க, அழகுக்கா?"

மாடியிலிருந்து வீட்டுக்காரர் குரல் கொடுத்தார்: "என்ன மேஸ்திரி, வீட்ல யாரு ராஜ்யம்னு இப்பல்ல தெரியுது!"

"என்ன சார் பண்றது, நான் வாங்கிட்டு வந்த வரம் அப்படி!" என்று அண்ணன் தலையைச் சொறிந்தார். கூடச் சிரிக்க வேறு செய்தார்.

ரெண்டு நாள் இருந்துவிட்டுப் போகலாமென்று வந்தவள் தங்கை. அண்ணன் பழைய பெட்ரோல் ரம்பத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு, மூன்று மாசத்துக்கு முன்னால் பேட்டரி ரம்பம் வாங்கியிருந்தார். அது எப்படித்தான் வெட்டுகிறது, பார்ப்போமே என்று இன்றைக்குக் கூடவே கிளம்பினாள். வந்த இடத்தில் இந்தக் கூத்து!

காலையிலிருந்து இது ஆறாவது தடவை. அண்ணன் வெட்டுவதை நிறுத்தினால் போதும், அண்ணி கையை நீட்டிவிடுவாள். பேட்டரி வந்து சேர்கிறவரை வாய் ஓயாது.

வீட்டுக்குள்ளே என்ன வேண்டுமானாலும் பேசிக்கொள்ளட்டும். நாலு பேர் பார்க்கிற இடத்திலா? சாகிற வரைக்கும் அப்பா அண்ணனை ஒரு சொல் சொன்னதில்லை. எங்கிருந்தோ வந்தவளுக்கு இவ்வளவு வாயா?

பேட்டரியை நிழலில் ஒரு துணிமேல் வைத்துவிட்டு, அண்ணி தண்ணீர் பிடிக்க உள்ளே போனாள். தங்கை அதை லபக்கென்று எடுத்தாள்.

"இந்தா அண்ணா, நீயே வச்சுக்கோ. அவங்க கேட்டா குடுக்காதே."

"வேண்டாம்மா. அவ வரட்டும்."

"அட, உன் ரம்பம், உன் பேட்டரி! எதுக்கு இப்படி நடுங்கறே? நான் இருக்கேன், போடு!"

அண்ணன் வாசலைப் பார்த்தார். தங்கையின் முகத்தைப் பார்த்தார். பாசமாய் நீட்டுகிற கையை எப்படித் தட்டுவது? வாங்கி மாட்டிவிட்டார்.

அதுவரை மிச்சமிருந்த பெரிய கிளை ரெண்டே நிமிஷத்தில் துண்டாகி விழுந்தது. தங்கை கைதட்டாத குறை. 'இதுக்குப் பேர்தான் வேலை. இடையில ஒரு கத்தல் உண்டா, கதறல் உண்டா?'

ரம்பம் நின்றது. சத்தம் அடங்கியது. செயினில் ஒரு சிராய் மாட்டியிருந்தது. அண்ணன் வலது கையில் ரம்பத்தைப் பிடித்தபடியே, இடது கையை செயினுக்குக் கொண்டுபோனார்.

"கையி!"

அண்ணி வாசலில் அலறினாள். தண்ணீர் பாட்டில் படியில் உருண்டது. அண்ணன் திடுக்கிட்டு இடது கையை இழுத்தார், அதே வேகத்தில் வலது கை பிடியிலிருந்த சுவிட்சை அழுத்திவிட்டது. ரம்பம் விர்ரென்று ஓடியது.

விரல் தப்பியது. கையுறையின் நுனி மட்டும் காணோம்.

அண்ணி ஓடிவந்து பேட்டரியைப் பிடுங்கினாள். இந்தத் தடவை ஒரு வார்த்தை பேசவில்லை. அவரை மரத்துண்டின் மேல் உட்காரவைத்து, கையுறையை உருவி, விரல்களை ஒன்றொன்றாய்த் தொட்டுப் பார்த்தாள். நல்ல வேளை, வீட்டுக்காரர் சாப்பிட உள்ளே போயிருந்தார்.

"அண்ணி… நான்தான் எடுத்துக் குடுத்தேன்." தங்கைக்கு அழுகை முட்டியது.

"தெரியும். உங்க அண்ணன் தானா எடுக்கமாட்டார். உட்காரு இப்படி."

"எப்படி அண்ணி? அண்ணனுக்குத் தெரியாத வேலையா?"

"பெட்ரோல் ரம்பம்னா சத்தம் நின்னா ஆபத்தும் நின்னுது. முப்பது வருஷமா இவர் கைக்கு அதுதான் பழக்கம். இது அப்படியில்ல. கம்முனு இருந்தாலும் உள்ள உசுர் இருக்கும், பேட்டரியைக் கழட்டினாத்தான் அடங்கும். அதெல்லாம் இவருக்கு நல்லாவே தெரியும். ஆனா சத்தம் நின்னதும் கை தானா போயிடுது. இதோட மூணாவது தடவை."

தங்கை மூக்கை உறிஞ்சினாள். அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டாள். ஆனாலும் மனசு ஆறவில்லை.

"அதை மெதுவா சொல்லக்கூடாதா அண்ணி? தெருவே கேக்கற மாதிரியா கத்தணும்? உங்களைத்தானே எல்லாரும் ராட்சசின்னு பேசுவாங்க? நானே… நானே அப்படித்தான் நினைச்சேன்."

அண்ணி அண்ணனைப் பார்த்தாள்.

அண்ணன் தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்:

"சத்தமா திட்டச் சொன்னதே நான்தாம்மா. பொண்டாட்டிக்குப் பயந்தவன்னா சிரிச்சுக்கிட்டே வேலைக்குக் கூப்பிடுவாங்க. கை தவறுறவன்னு தெரிஞ்சா எவன் கூப்பிடுவான்?"