மலைக்குப் பின்னால் ஏரி

மண்புழுவைத் தொட்டதும் முனிகிருஷ்ணனுக்கு உடம்பு கூசியது. ஈரமண்ணோடு அள்ளிக் கொட்டாங்குச்சியில் போட்டார். நகரியில் கரும்பு போடுகிறவர். தூண்டில் பிடித்ததே இல்லை.

"இதெல்லாம் தேவையாம்மா?"

"சும்மா போய் நின்னா யாருன்னு கேக்கமாட்டாங்களா நைனா?" என்றாள் மகள் தாட்சாயணி.

தரகர் சொன்ன வரன், புத்தலப்பட்டு சிட்டிபாபு. ஞாயிறு தவறாமல் மலைக்குப் பின்னால் இருக்கும் ஏரிக்குப் போவானாம். சித்தூர் டீச்சர் டிரெயினிங் ஸ்கூலில் தன்கூடப் படிப்பவர்கள் சொன்னதாகத் தாட்சாயணிதான் சொன்னாள். பேசி முடிக்குமுன் பையனைத் தெரியாமல் பார்த்துவிட வேண்டும் அவருக்கு.

நகரி ஆந்திராவுக்கா, சென்னை ராஜ்யத்துக்கா என்று ஊரே அடித்துக்கொண்டிருந்த நேரம். தமிழ் பேசும் வீட்டுக்குத்தான் பெண் கொடுப்பேன் என்று ஒரே பிடிவாதமாக இருந்தார்.

"புளியமரத்துக்கிட்ட ஒரே சேறு, வழுக்கும். தாண்டிப் போனா பாறை இருக்கும், அங்க உக்காரு," என்றாள்.

அவர் ஏரிக்குப் போய்ச் சேர்ந்தபோது பாறையில் ஓர் இளைஞன் இருந்தான். முனிகிருஷ்ணனுக்கு இருப்புக்கொள்ளவில்லை. தூண்டில் நரம்பை அவிழ்த்தார், சுற்றினார், மறுபடி அவிழ்த்தார். புழுவைக் கோக்கப் போய் முள் கட்டைவிரலில் ஏறிவிட்டது.

"அசையாதீங்க ஐயா!" ஓடிவந்தவன் முள்ளை மெல்லக் கழற்றினான். தன் துண்டைக் கிழித்துக் கட்டினான். அவனும் நிலைகொள்ளாமல்தான் இருந்தான். அவன் தூண்டில் இன்னும் தண்ணீரைத் தொடவே இல்லை.

"குடி, சீட்டாட்டம் உண்டா தம்பி?"

"அதெல்லாம் பழக்கமில்லீங்க." கட்டுச்சோற்றில் பாதியை நீட்டினான். "துன்னுங்க ஐயா, ரொம்பத் தூரம் வந்திருக்கீங்க."

அவருக்கு மனசு நிறைந்துவிட்டது. "ஒளிச்சிப் பேச வரல தம்பி. உன்னப் பாக்கத்தான் வந்தேன். என் பொண்ணு உனக்குத்தான், சிட்டிபாபு. இது என் வாக்கு."

அவன் சட்டென்று எழுந்தான். "அவரு இங்க வரமாட்டாருங்க. என் பேரு வெங்கடரமணன். எங்க வீட்ல தெலுங்கு."

"தெலுங்கா?" முனிகிருஷ்ணன் வாய்க்குக் கொண்டுபோன சோற்றைக் கீழே வைத்தார். "அப்புறம் இவ்ளோ நல்லாத் தமிழ் பேசறியே, யார்கிட்ட கத்துக்கினே?"

அவன் தலைகுனிந்தான்.

"உங்க தாட்சாயணிகிட்டதான், மாமா."