பிரித்த கையோடு

மெக்கானிக்குக் காலையிலிருந்து தொண்டைத் தண்ணீர் வற்றியதுதான் மிச்சம்.

“சார், பதினாறு வருஷத்து வண்டி. டைமிங் பெல்ட்டுக்காக முன்பக்கம் முழுக்கப் பிரிச்சுப் போட்டிருக்கேன். அதுக்குப் பின்னாடியே வாட்டர் பம்ப். இப்பவே கசியுது. பிரிச்ச கையோட அதையும் மாத்திடலாமே?”

“பெல்ட் மட்டும் போதும்,” என்றார் கார்க்காரர், ஃபோனிலிருந்து கண்ணை எடுக்காமல்.

“பம்ப் போச்சுன்னா இன்ஜின் சூடாகி நடுவழியில உட்கார்ந்துடும் சார்! மறுபடியும் இத்தனையும் பிரிக்கணும்.”

“இப்போதைக்கு ஓடினாப் போதும்ணே.”

இதற்குச் சுவரோடு பேசியிருக்கலாம். ‘எக்கேடோ கெட்டுப் போ’ என்று பல்லைக் கடித்துக்கொண்டு எல்லாவற்றையும் பூட்டி முடித்தார் மெக்கானிக்.

“கண்ணாடியில உங்க ஸ்டிக்கரை மறக்காம ஒட்டிடுங்க,” என்றார் கார்க்காரர்.

வேலை முடிந்த வண்டியில் தேதி போட்டுக் கடை ஸ்டிக்கரை ஒட்டுவது மெக்கானிக்கின் வழக்கம். இவருக்கு அது ஒன்றுதான் குறைச்சல் என்று முணுமுணுத்தபடி ஒட்டிவிட்டார்.

மறுநாள் மாலை வீட்டு வாசலில் ஹாரன் அலறியது. மகளும் மாப்பிள்ளையும் இறங்கினார்கள். அதே கார்!

“செகண்ட்ஹேண்ட்தான் மாமா. இன்னைக்குத்தான் வாங்கினேன். நாளைக்கே ரெண்டு பேரும் மலைக்குக் கிளம்பறோம்.”

மெக்கானிக் படியிறங்கி ஓடிவந்தார். “வாங்கறதுக்கு முன்னாடி... என்கிட்ட ஒரு தடவை காட்டியிருக்கக் கூடாதா மாப்பிள்ளை?”

மாப்பிள்ளை சிரித்துக்கொண்டே கண்ணாடியிலிருந்த ஸ்டிக்கரைத் தட்டிக் காட்டினார்.

“அதான் நீங்களே பார்த்துட்டீங்களே, மாமா!”