இடப்பக்க சீட்

துறைமுக ரோட்டில் இருக்கிற கார் ஆடியோ கடைக்குப் பாண்டித்துரை இரண்டாவது தடவையாக வந்திருந்தார். அவர் காரில் சத்தத்தை இருபதுக்கு மேல் வைத்தால் பாட்டு நின்றுவிடுகிறது. குறைத்தால் திரும்ப வருகிறது.

போன தடவை, உப்புக்காற்றில் எர்த் வயர் களிம்பு பூத்துப்போயிருக்கிறது என்று மெக்கானிக் சுடலைக்கண்ணு அதை மாற்றிக் கொடுத்தான். இன்று ஆம்பிளிஃபயரையே கழற்றி வேறொரு காரில் மாட்டிப் பார்த்தான். கடைக் கண்ணாடி அதிரப் பாடியது. திரும்ப இவர் காரில் மாட்டி, சத்தத்தைக் கூட்டச் சொன்னான். பாட்டு நின்றது. இடப்பக்க சீட்டில் ஆள் உட்கார்ந்து பெல்ட் போடாவிட்டால் எரிகிற விளக்கு எரிந்தது. சீட்டில் யாரும் இல்லை.

"இங்கன யாரு அண்ணாச்சி இருப்பா?"

"எம் பொண்டாட்டி. செத்துப் போயிட்டா."

இந்துமதி பேச வாயெடுத்தாலே பாண்டித்துரை சத்தத்தைக் கூட்டிவிடுவார். ஏரலிலிருந்து வரும்போது அன்றும் அவள் ஏதோ சொன்னாள். அன்றும் கூட்டினார். வீட்டு வாசலில் வண்டி நின்றபோது அவள் இறங்கவில்லை. கடைசியாக என்ன சொன்னாள் என்று ஆஸ்பத்திரியில் கேட்டார்கள். அவருக்குத் தெரியவில்லை.

"சென்சார் கோளாறா இருக்கும். பெல்ட்ட மாட்டி விட்டுருதேன், அண்ணாச்சி."

சுடலைக்கண்ணு காலி சீட்டின் குறுக்கே பெல்ட்டை இழுத்து மாட்டினான். விளக்கு அணைந்தது.

பாண்டித்துரை மறுபடி கூட்டினார். இருபதைத் தாண்டியதும் பாட்டு நின்றது. பெல்ட் சீட்டில் படியாமல் ஓர் ஆள் அளவுக்குத் தள்ளி நின்றது. பிறகு மெல்ல ஏறி, மெல்ல இறங்கியது.

சுடலைக்கண்ணு பெல்ட்டிலிருந்து கையை எடுத்துக்கொண்டான். பாண்டித்துரை அந்தப் பக்கம் திரும்பாமல், சத்தத்தை இன்னும் கூட்டினார்.