அசையாத பாரம்

மாமனார் அமர்ந்திருந்த நாற்காலியில், மெத்தைக்கு அடியில் தடித்த அகராதி ஒன்று இருந்தது.

"நல்லா அழுத்தி உட்காருங்க மாமா. சுருண்ட நெகட்டிவை ஸ்கேன் பண்ண முடியாதாம், நிமிர்த்திக் கொண்டாங்கன்னு போட்டோ கடைக்காரர் சொல்லிட்டார். உங்க கல்யாண நெகட்டிவ் எல்லாம் அகராதிக்குள்ளதான் இருக்கு. நான் ஆபீஸ்ல இருந்து வர்ற வரைக்கும் சாப்பிட மட்டும்தான் எழுந்திருக்கணும்."

"இந்த வீட்ல என் எடைக்காவது மதிப்பு இருக்கே!" என்று முனகினாலும், காலில் சக்கரம் கட்டியவர் போல் திரியும் அம்மனிதர், மருமகளின் சொல்லைத் தட்டவில்லை.

பத்தாம் நாள், மருத்துவர் அவருடைய முழங்காலைப் பரிசோதித்து, அறுவை செய்த இடம் நன்றாக ஆறிவிட்டது என்றார். மருமகளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. வீட்டுக்கு வந்ததும் உண்மையை ஒப்புக்கொண்டாள்.

"மன்னிச்சுடுங்க மாமா. அலையக் கூடாதுன்னு டாக்டர் சொன்னா நீங்க கேட்க மாட்டீங்களே! அதான் பொய் சொன்னேன். அகராதிக்குள்ள நான் எதையுமே வைக்கலை."

"அப்படியா? நீ மறந்துட்டே போலன்னு நினைச்சு, முதல் நாளே நான் வெச்சுட்டேனே!"

மெத்தையை விலக்கி அகராதியைத் திறந்தார். நெகட்டிவ்கள் அடிக்கோல் வைத்தாற்போல் நேராகக் கிடந்தன.

"மாமா... இது பரண்மேல இல்ல இருந்தது?"

"ஆமாம்மா. ஏணி போட்டு ஏறித்தான் எடுத்தேன்" என்றார் அவர், பெருமை பொங்க.