எத்தனை முழம் வரை கேட்கும்?

“பொடிப்பொடியா பொறுக்குற மெஷின் எனக்கு வேண்டாம் தம்பி. பெரிய கட்டி, ரொம்ப ஆழத்துல கிடந்தாலும் கண்டுபிடிக்கணும். அப்படி ஏதாவது இருக்கா?”

கிஸ்மல்லா இஞ்சிக் காபியைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தான். அபூ ஹமத் ஊரின் தங்கச் சந்தையில் ஒன்பது வருடமாக மெட்டல் டிடெக்டர் விற்கிறான். வாங்க வருகிறவர்கள் எல்லாம் ஆண்கள். கும்பலாக வருவார்கள், கடன் கேட்பார்கள். ஐம்பது வயதுப் பெண்மணி ஒருத்தி தனியாகக் கடையேறி வந்தது இதுதான் முதல் தடவை.

பெயர் சித்தனா என்றாள். நைல் நதித் தீவில் பேரீச்சந்தோப்பு இருக்கிறதாம். தம்பி கர்ரார் வெளியே வண்டியில் காத்திருக்கிறானாம்.

“உட்காருங்க ஹஜ்ஜம்மா. கட்டின்னா எவ்வளவு பெரிசு?”

சித்தனா உள்ளங்கையைக் குவித்துக் காட்டினாள். “உத்தேசமா இவ்வளவு.”

கிஸ்மல்லாவின் புருவம் உயர்ந்தது. எல்லோரும் கையை விரித்துத்தான் ஆசையைக் காட்டுவார்கள். இவள் அளவெடுத்தது போலக் காட்டுகிறாள்!

சுவரில் மாட்டியிருந்த மெஷின்களை ஒவ்வொன்றாக இறக்கினான். “இது சின்ன வட்டு. கோதுமை மணி அளவு தங்கத்தையும் விடாது, ஆனா மேலாப்புலதான் பார்க்கும். இதோ, இது பெரிய வட்டு. பொடியைக் கண்டுக்காது. கட்டி கிடந்தா ஆழத்துலேயும் கத்தும்.”

“எத்தனை முழம் வரைக்கும் கத்தும்?”

“அது மண்ணைப் பொறுத்தது.”

“ஆத்து வண்டல்?”

“வண்டல்னா தொந்தரவே இல்ல. செம்மண்ணும் கருங்கல்லும்தான் சும்மா சும்மா கத்த வைக்கும்.”

“ஈரமா இருந்தா?”

“இருந்தாலும் கேட்கும்.”

“மேலே பழைய தண்டவாளத் துண்டு கிடந்தா?”

கிஸ்மல்லா சிரித்துவிட்டான். “மாப்பிள்ளை பார்க்கிற மாதிரி விசாரிக்கிறீங்களே!”

“மாப்பிள்ளையை இவ்வளவு விசாரிச்சிருந்தா நான் கல்யாணமே பண்ணியிருக்க மாட்டேன். நீங்க விஷயத்தைச் சொல்லுங்க.”

“இரும்பு கிடந்தா அது போடுற கூச்சல்ல தங்கத்தோட சத்தம் அமுங்கிடும்.”

சித்தனா தலையை மெல்ல ஆட்டினாள். “எனக்குப் போட்டுக் காட்டுங்க.”

கடையின் பின்புறம் சோதனைக்கென்றே தரையில் ஒரு பிளாஸ்டிக் குழாய் இறக்கியிருந்தான். தங்கக் கட்டிக்குப் பதிலாக அவள் காட்டிய அளவிலேயே ஓர் ஈயக்கட்டியைக் கயிற்றில் கட்டி உள்ளே விட்டான். ஹெட்போனை அவள் காதில் மாட்டினான்.

“ஒரு முழம்.”

“கத்துது.”

“ரெண்டு முழம்.”

“கத்துது.”

“மூணு... கேட்குதா? கொசு பாடுற மாதிரி இருக்கும்.”

“கேட்குது. இன்னும் இறக்குங்க.”

நான்கு முழத்தில் சித்தனா கண்ணை மூடிக்கொண்டாள். பிறகு அவள் முகம் மலர்ந்தது. “ஒண்ணுமே கேட்கல!”

கிஸ்மல்லாவுக்குப் புரியவில்லை. சத்தம் கேட்டால் சிரிக்கிற வாடிக்கையாளர்களைத்தான் அவன் பார்த்திருக்கிறான்.

“இதைவிட ஆழம் போற மெஷின் சந்தையில வேற யார்கிட்டேயாவது இருக்கா?”

“இருக்குன்னு சொல்றவன் பொய் சொல்றான். நாலு முழத்துக்குக் கீழே எந்த மெஷினும் செவிடுதான். இதுல தைரியமா இறங்கலாம் ஹஜ்ஜம்மா. அக்கரையில ஒருத்தன் இதே மெஷின்லதான் ஒரு துண்டு எடுத்தான். சேதி பரவி, இன்னைக்கு அங்கே மூவாயிரம் பேர் தோண்டிக்கிட்டிருக்காங்க!”

“அங்கே ஒரு தோப்பு இருந்துச்சே?”

“இருந்துச்சு. இப்ப பூரா குழிதான். தங்கம் பிரிக்க ஊத்துற பாதரசம் கிணத்துத் தண்ணியிலகூட கலந்திருக்காம்.”

சித்தனா ஹெட்போனைக் கழற்றி அவனிடம் கொடுத்தாள். “ரொம்ப உபகாரம் தம்பி. நான் கிளம்புறேன்.”

“மெஷின்?”

“வேண்டாம்.”

கிஸ்மல்லா வாசலை மறித்துக்கொண்டு நின்றான். இவளுக்கு ஏதோ ஓர் இடம் தெரிந்திருக்கிறது. அது மட்டும் நிச்சயம். “விலையைப் பார்த்துப் பயப்படுறீங்களா? பணமே வேண்டாம், சும்மா எடுத்துக்கிட்டுப் போங்க. கிடைக்கிறதுல நாலுல ஒரு பங்கு எனக்கு. கூட வந்து நானே தோண்டவும் செய்றேன்!”

“தோண்டுறதுக்கு என் தம்பி இருக்கான்.”

“எந்த இடம்னாவது சொல்லிட்டுப் போங்களேன்... இன்னைக்கு எனக்குத் தூக்கம் வராது!”

“காபியைக் குறைச்சுக்கோங்க, வரும்.”

வெயிலில் கொதித்துக்கொண்டிருந்த வண்டியில் அவள் ஏறி உட்கார்ந்ததும் கர்ரார் ஆவலாகத் திரும்பினான். “என்னக்கா சொன்னான்?”

“நாலு முழம். அதுக்குக் கீழே எல்லாமே செவிடாம்.”

“இன்னொரு தடவை யோசிச்சுக்கோக்கா. நம்ம தலையெழுத்தே மாறிடும்.”

“மாறும். தீவோட தலையெழுத்தும் சேர்ந்து மாறும்.” சித்தனா கதவை இழுத்துச் சாத்தினாள். “வீட்டுக்குப் போனதும், கன்னு நடத் தோண்டின அந்தக் குழியை ஆறு முழமா ஆக்கு. அதுல கிடைச்ச தங்கக் கட்டியைத் திரும்ப அதுக்குள்ளேயே போட்டு மூடிட்டு, மேலே பேரீச்சங்கன்னை நட்டுடலாம்.”