மூன்றாவது காரணம்

கடைசி பெஞ்சில் முக்காட்டை இழுத்துவிட்டு உட்கார்ந்திருந்தவளைப் பார்த்ததும் பேராசிரியர் குபாத்தின் கையிலிருந்து சாக்பீஸ் விழுந்தது. அவர் மனைவி சைராகுல். பிஷ்கெக் பல்கலைக்கழகத்து உளவியல் முதலாமாண்டு வகுப்பில் அவளுக்கு என்ன வேலை?

வேலை இருந்தது. பக்கத்து வீட்டு சோல்பான் தனியாக இருப்பவள், போதாததற்கு அழகி. சைராகுலின் பொறாமை சாதாரணப் பொறாமை இல்லை. சோல்பான் ஜன்னலைத் துடைத்தால்கூட யாருக்காகத் துடைக்கிறாள் என்று கேட்கும் பொறாமை. அழுது பார்த்தாள், பாடிப் பார்த்தாள், ஆறவில்லை. இன்று வகுப்பிலேயே கேட்டுவிடுவது, அவர் பதில் சரியில்லை என்றால் நேரே தாய்வீடுதான். பை காலடியில் தயாராக இருந்தது.

குபாத் பாடத்தைத் தொடர்ந்தார்.

"தர்பூசணி நெறைய விக்கிற மாசத்துலதான் விசிறியும் நெறைய விக்குது. பழம் தின்னதாலயா விசிறி வாங்குறாங்க? ரெண்டுக்கும் பின்னால வெயில்னு மூணாவது காரணம் ஒண்ணு ஒளிஞ்சிருக்கு. ரெண்டு விஷயம் சேர்ந்தே நடந்தா, அந்த மூணாவதத் தேடுங்க."

"எனக்கொரு சந்தேகம், அகாய்."

சைராகுல் எழுந்து நின்றாள். மாணவர்கள் வாத்தியாரைக் கூப்பிடுவது போலவே கூப்பிட்டாள். அதில்தான் விஷம் இருந்தது.

"ஒரு வீட்ல புருஷன் சாயங்காலமானா ஷூவ மாட்டிக்கிட்டுக் கெளம்பிடுறாரு. அதே நேரம் பக்கத்து வீட்டு மகராசியும் கதவச் சாத்திட்டுக் கெளம்புறா. ஒரு நாள் ரெண்டு நாள் இல்ல, தெனமும். இதுக்கு மூணாவது காரணம் வேற வேணுமா?"

வகுப்பு கொல்லென்று சிரித்தது. குபாத்தின் முகம் சிவந்தது.

முன்வரிசை மாணவி நுரிஸா மட்டும் சிரிக்காமல் திரும்பினாள். "ரெண்டு பேரும் ஒரே எடத்துக்கா போறாங்க, அக்கா?"

"பின்னாடியே போய்ப் பார்த்தேன். அவ சந்தைப் பக்கம், இவரு பூங்காப் பக்கம். எல்லாம் நடிப்பு."

"சரி, அவங்க கெளம்புறதுக்கு முன்னாடி வீட்ல என்ன நடக்கும்?"

"ஒண்ணும் நடக்காது. நான் சண்டைகூடப் போட மாட்டேன். வயித்தெரிச்சல் தாங்காம கோமுஸ மடியில வச்சு மீட்டிக்கிட்டு, வாய்விட்டுப் பாடிக்கிட்டிருப்பேன்."

நுரிஸா சட்டென்று குனிந்துகொண்டாள். குபாத் விழுந்த சாக்பீஸை எடுத்து மேசையில் வைத்தார். பிறகு மெல்லச் சொன்னார்:

"பக்கத்து வீட்டம்மாவுக்கும் காது இருக்குல்ல, சைரா."