பாப்கார்ன் சிந்தாத பேய்ப்படம்

திரையரங்கில் ஒரு பேய்ப்படத்தின் ஏழாம் பாகம் ஓடிக்கொண்டிருந்தது. நாற்காலிக்கு அடியில் எலி பட்டினி கிடந்தது.

"பல்லியக்கா, முதல் பாகத்துல பேய் லேசாத் திரும்பினதுக்கே ஜனம் அலறி, பாப்கார்ன் மழையாக் கொட்டிச்சு. இப்ப அதே பேய் கூரையில தலைகீழா நடக்குது, எல்லாரும் கொட்டாவி விடுறாங்க!"

"தலைகீழா நடக்கிறதெல்லாம் ஒரு வித்தையாடா?" என்றது சுவரில் தலைகீழாய்த் தொங்கிய பல்லி.

கடைசிக் காட்சி. "நான் மறுபடியும் வருவேன்!" என்றது பேய். அரங்கம் கம்மென்று இருந்தது.

பல்லிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "இச், இச், இச்!"

"ஐயையோ, பல்லி சொல்லிடுச்சு! எட்டாம் பாகம் நிச்சயம்!" என்று ஒருவர் அலற, மொத்தக் கூட்டமும் துள்ளி எழுந்து வாசலுக்கு ஓடியது.

கழுத்தளவு பாப்கார்னுக்குள்ளிருந்து எலி கத்தியது: "அக்கா, அப்படியே ஒன்பதுக்கும் ஒண்ணு சொல்லிடு!"